நுரையணுவும் இரண்டு கொழுப்பு ஹார்மோன்களும்

லெப்டினையும் அடிப்போனெக்டினையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது முரண்தான். உடலில் கொழுப்பு ஏற ஏற, இரத்தத்தில் லெப்டினும் ஏறுகிறது, அடிப்போனெக்டினோ இறங்குகிறது. முன்னதை மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கிறோம். பின்னதை மைக்ரோகிராமில் அளக்கிறோம். அளவில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வேறுபாடு. அறிமுகத்திலும் இப்படித்தான். 1994இல் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டினின் மரபணுவைக் கண்டறிந்தபோது அது உலகச் செய்தியானது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு குழுக்கள் தனித்தனியே அடிப்போனெக்டினைக் கண்டறிந்து, ஏசிஆர்பி30, அடிப்போக்யூ, ஏபிஎம்1, ஜிபிபி28 என்று நான்கு பெயர்கள் சூட்டின. கொஞ்ச காலம் அது சத்தமில்லாமல் இருந்தது.

இந்த இரண்டும் சந்திக்கும் இடம் தமனிச் சுவரில் இருக்கும் பெருவிழுங்கி என்னும் நோயெதிர்ப்பு உயிரணு. ஆய்வகத்தில், மனித இரத்தத்திலிருந்து பிரித்து வளர்த்த பெருவிழுங்கிகளுக்கு கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகளை உருமாற்றிக் கொடுத்து, ஆயில் ரெட் ஓ சாயம் இட்டு நுண்ணோக்கியில் பார்க்கலாம். உயிரணுவின் உட்பரப்பு முழுக்கச் சிவப்புத் துளிகள் அப்பிக் கிடக்கும். ஒவ்வொரு துளியும் எஸ்டராக்கிச் சேமிக்கப்பட்ட கொலஸ்ட்ரால். இப்படி நிரம்பிய பெருவிழுங்கிக்கு வைத்த நுரையணு என்ற பெயருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இந்த உயிரணுவை ஓர் ஏரியாகக் கொண்டால் அதற்கு வரத்துக்கால் உண்டு, கொள்ளளவு உண்டு, மதகும் உண்டு. எஸ்ஆர்-ஏ என்னும் துப்புரவு ஏற்பி கொலஸ்ட்ராலை உள்ளே இழுக்கிறது. ஏகாட்-1 நொதி அதை எஸ்டராக்கித் தேக்குகிறது. ஏபிசிஏ1 புரதம் வெளியேற்றி, எச்டிஎல் உருவாக வழி செய்கிறது. அடிப்போனெக்டின் இந்த மூன்றிலும் கை வைக்கிறது. எஸ்ஆர்-ஏ குறைவதையும் அதனுடன் கொழுப்புத் துளிகள் குறைவதையும் ஒசாகா பல்கலைக்கழகக் குழு 2001இல் காட்டியது. ஏகாட்-1 தணிவதும் ஏபிசிஏ1 பெருகுவதும் அடுத்த ஆண்டுகளில் தெரியவந்தன. லெப்டின் அதே இடங்களுக்குத்தான் வருகிறது, ஆனால் எதிர்ப்பக்கமாகத் தள்ளுகிறது. மனிதப் பெருவிழுங்கிகளில் அது ஏகாட்-1ஐக் கூட்டி, கொலஸ்ட்ரால் வெளியேற்றத்தைக் குறைப்பதாக 2009இல் வந்த ஒரு ஜப்பானிய ஆய்வு காட்டியது. ஒன்று தணிக்கும் நொதியையே மற்றொன்று தூண்டுகிறது. இத்தனை துல்லியமான எதிரெதிர்ச் சமச்சீர் உயிரியலில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஒன்று காவலன், மற்றொன்று பகைவன் என்று முடித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அடிப்போனெக்டின் மட்டும் வந்த சோதனைகளைப் போலவே லெப்டின் மட்டும் வந்த சோதனைகளையும் பொறுமையாகப் படித்தால், காட்சி மாறுகிறது. 2001, 2002 ஆண்டுகளில் பெருவிழுங்கிகளில் நடந்த பிரிட்டிஷ் ஆய்வுகளின்படி, குளுக்கோஸ் மிகாத சூழலில் லெப்டின் சேமித்த எஸ்டரைக் கரைக்கும் பக்கமே சாய்ந்தது. குளுக்கோஸ் மிகுந்தபோதுதான் அதே லெப்டின் எஸ்டரைச் சேர்த்தது. ஹார்மோன் மாறவில்லை, அதைச் சூழ்ந்த சர்க்கரை மாறியது.

எலிகளிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. ஏபோ-இ புரதம் இல்லாத எலிகளுக்கு லெப்டின் ஏற்றியபோது தமனிப் படிவுகள் பெருத்தன. அடிப்போனெக்டின் மரபணுவைச் செலுத்தியபோது சிறுத்தன. இதுவரை கணக்கு நேராக வருகிறது. ஆனால் எல்டிஎல் ஏற்பியும் இல்லாமல் லெப்டினும் இல்லாமல் பிறக்கும் எலிகளில் படிவுகள் மிக மோசமாயின. லெப்டின் மிகுந்தாலும் தீங்கு, அறவே இல்லாவிட்டாலும் தீங்கு.

இனி, என்னை அதிகம் வியக்கவைத்த உறவு. லெப்டினின் படிகக் கட்டமைப்பு 1997இல் வெளிவந்தது. நான்கு சுருள்கள் சேர்ந்த கட்டு அது. இன்டர்லூக்கின்கள் பலவற்றின் வடிவமும் அதுவே. அதன் ஏற்பியும் இன்டர்லூக்கின்-6 ஏற்பிக் குடும்பத்துக்குச் சொந்தம். மறு ஆண்டு அடிப்போனெக்டினின் உருண்டைத் தலை வெளிவந்தது. அமினோ அமில வரிசையில் ஒற்றுமை தெரியாவிட்டாலும், அதன் மடிப்பு அழற்சிப் புரதமான டிஎன்எஃப்-ஆல்ஃபாவின் மடிப்பேதான். செயலில் எதிரெதிராக நிற்கும் இரண்டும், உருவில் நோயெதிர்ப்புக் குடும்பத்துப் பிள்ளைகள். கொழுப்புத் திசு பெருவிழுங்கியிடம் பேசும்போது வேற்று மொழியில் பேசவில்லை. பெருவிழுங்கி ஏற்கெனவே அறிந்த மொழியில்தான் பேசுகிறது. டிஎன்எஃப்-ஆல்ஃபாவும் அடிப்போனெக்டினும் ஒன்றன் உற்பத்தியை ஒன்று அடக்கிக்கொள்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பெருத்த கொழுப்புத் திசுவில் குடியேறும் பெருவிழுங்கிகள் உமிழும் டிஎன்எஃப், தன் சாயல் கொண்ட ஹார்மோனையே ஒடுக்குகிறது. கொழுப்பு கூடும்போது அடிப்போனெக்டின் ஏன் குறைகிறது என்ற கேள்விக்கு இது ஒரு பகுதி விடை.

நல்லது என்று பெயரெடுத்த அடிப்போனெக்டினுக்கும் சிக்கல் உண்டு. இதயச் செயலிழப்பு நோயாளிகளில் அது மிகுந்திருப்பவர்களுக்கே இறப்பு அபாயம் கூடுதலாகக் காணப்படுகிறது. பிறவியிலேயே அடிப்போனெக்டினைக் கூட்டிவைக்கும் மரபணு வேறுபாடுகள் மாரடைப்பிலிருந்து காப்பதாகவும் நிறுவப்படவில்லை. சென்னையில் நடந்த கியூர்ஸ் ஆய்வு, அடிப்போனெக்டின் குறைவுக்கும் வளர்சிதை மாற்றக் கூட்டுக்குறைபாட்டுக்கும் தொடர்பைக் காட்டியது. அந்தத் தொடர்பு நமக்கு முக்கியமானதுதான், ஆனால் தொடர்பைக் காரணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

என் தீர்ப்பு இதுதான்: இவற்றில் ஒன்றை மட்டும் அளந்து தமனியின் நிலையைக் கணிப்பது அரைகுறை வேலை. லெப்டினின் அளவு, பக்கத்தில் குளுக்கோஸின் அளவு இல்லாமல் அதிகம் சொல்லாது. அடிப்போனெக்டினின் அளவும், இதயம் எப்படி இயங்குகிறது என்று தெரியாமல் அதிகம் சொல்லாது. மருந்துக் கடையின் கணக்கும் காவலன், பகைவன் என்ற பெயர்களோடு ஒத்துப்போகவில்லை. கொழுப்புத் திசுவே அற்றுப்போகும் லிப்போடிஸ்ட்ரோபி நோய்க்கு மெட்ரெலெப்டின் என்னும் லெப்டின் மருந்து 2013இல் ஜப்பானிலும் 2014இல் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அந்நோயாளிகளில் அது இரத்தச் சர்க்கரையையும் டிரைகிளிசரைடையும் இறக்குகிறது. அடிப்போனெக்டின் இன்னும் மருந்தாகவில்லை.