வேலை இங்கே, படுக்கை எங்கே?

ஸ்ரீபெரும்புதூர்னா ஆன்மீக அன்பர்களுக்கு ராமானுஜர், அரசியல் ஆர்வலர்களுக்கு 1991. என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆசாமிகளுக்கு பெங்களூர் போற வழியில வர்ற டோல்கேட், அவ்ளோதான். ஆனா அந்த ஊரோட சமீபத்திய வரலாறு, விடியக்காலையில ஓடுற கம்பெனி பஸ்ஸுக்குள்ள தூங்கிட்டுப் போகுது.

1998ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்துச்சு. 2006ல நோக்கியா, 2010ல ஒரகடத்துல ரெனோ-நிசான். ஐடிஐ, டிப்ளமோ, ப்ளஸ் டூ முடிச்ச பசங்களும் பொண்ணுங்களும் பல மாவட்டங்கள்ல இருந்து வந்தாங்க. நிலம், ரோடு, கரண்ட், வரிச்சலுகை எல்லாத்துக்கும் திட்டம் இருந்துச்சு. வந்தவங்க ராத்திரி எங்கே படுப்பாங்க? ஒரு ரூம், அஞ்சாறு பாய், ஷிஃப்ட் மாத்தித் தூக்கம்.

இது புதுக்கதை இல்லைங்க. அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல லோவெல்னு ஒரு ஊர். 1822ல ஐரிஷ் கூலிகள் அங்கே கால்வாய் வெட்ட வந்தாங்க. அந்தத் தண்ணியிலதான் பருத்தி மில்லுங்க ஓடுச்சு. மில் வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்களுக்குக் கம்பெனி விடுதி, ராத்திரி பத்து மணிக்குக் கதவு பூட்டு. கால்வாய் வெட்டினவங்களுக்கு அதுவும் இல்லை. தாங்களே குடிசை போட்டுக்கிட்டாங்க. 1836ல அந்த மில் பெண்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. காரணம், விடுதிக் கட்டண உயர்வு!

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில சாப்பாடு ஒத்துக்காம பலர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மத்தவங்க சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறிச்சாங்க. தொழிற்சாலை மூடி, 2022 ஜனவரியிலதான் திறந்துச்சு. ஐஃபோன் உற்பத்தியை நிறுத்தினது மெஷின் கோளாறு இல்லை, சோறு.

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாய்ல, 18,720 பெண்கள் தங்குற சிப்காட் குடியிருப்பைத் திறந்தாங்க. சான்ட்ரோ வந்து 26 வருஷம் கழிச்சு! நல்ல விஷயம்தான், பாராட்டுவோம். ஆனா வேலையோட சேர்ந்து வர்ற படுக்கை, வேலை போனா கூடவே போயிடும். 2014 நவம்பர் 1ம் தேதி நோக்கியா ஆலையை மூடினப்ப, வேலை போனவங்க நிலைமையை நினைச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. இந்தப் பக்கம் கட்டடம் கட்டுற வடமாநிலத் தொழிலாளர்கள் தகரக் கொட்டகையிலதான் தூங்குறாங்க. லோவெல் கணக்குப்படி பார்த்தா, நம்மூர் ஐரிஷ்காரங்க அவங்கதான். அவங்களுக்கான மாடியை எந்த வருஷம் திறப்பாங்க, சொல்லுங்க மக்களே?