நடந்து சென்ற பேரீச்ச மரங்கள்

விருத்தசேதனத்தை நம்மவர் 'சுன்னத்துக் கலியாணம்' என்பர். சிறுவனை 'சுன்னத்து மாப்பிள்ளை' என்று அழைத்து, புத்தாடை உடுத்தி, மாலையிட்டு அழகு பார்த்த தலைமுறையினர் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். இதெல்லாம் அயலவரிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுவோரும் உளர். ஆனால் துருக்கி மொழியிலும் அந்த வைபவத்துக்கு 'சுன்னெத் தூயுனூ' என்றுதான் பெயர். 'தூயுன்' என்றால் கலியாணம். தமிழ் தெரியாத துருக்கியர் இந்தச் சொல்லை நம்மிடம் கடன் வாங்கியிருக்க முடியாதல்லவா?

உஸ்மானிய அரச குடும்பத்தில் இளவரசியின் நிக்காஹ் ஆனாலும் இளவரசரின் கத்னா ஆனாலும் இரண்டுக்கும் பொதுவான ஓர் அலங்காரம் இருந்தது. அதன் பெயர் நஹில். பேரீச்ச மரத்தைக் குறிக்கும் 'நக்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பேரீச்சை வளராத இஸ்தான்பூலில், பேரீச்ச மரத்தின் பெயரால் ஒரு பூக்கலை வளர்ந்தது. செழிப்புக்கும் சந்ததிப் பெருக்கத்துக்கும் அம்மரம் அடையாளம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

நஹில் என்பது மரச் சட்டத்தாலும் கம்பியாலும் கட்டப்பட்ட கூம்பு வடிவக் கோபுரம். அதன்மேல் அடுக்கடுக்காக மெழுகிலும் வண்ணக் காகிதத்திலும் செய்த பூக்கள், கனிகள், பறவைகள். இடையிடையே பொன், வெள்ளித் தகடுகள். சிறியவற்றை ஒருவர் தனியே தூக்கிவிடலாம். பெரியவை வீட்டுக் கூரைகளுக்கு மேலாக உயர்ந்து நிற்பவை. பலர் சேர்ந்தே சுமக்க வேண்டும். சாய்ந்துவிடாதிருக்க மேலிருந்து கயிறு கட்டி நாற்புறமும் ஆட்கள் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நாகூர்க் கந்தூரியின் சந்தனக்கூட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை மனதில் கொண்டுவருவது கடினமாக இராது.

மெழுகுப் பூ ஏன் என்று கேட்கலாம். நிஜப் பூ ஒரு பகல் வெயிலைத் தாங்காது. அரச விழாக்களோ நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் நீண்டன. 1582ஆம் ஆண்டு சுல்தான் மூன்றாம் முராத் தமது மகன் மெஹ்மெத்துக்கு நடத்திய சுன்னத்து விழா ஐம்பது நாட்களுக்கு மேல் நடந்தது. இஸ்தான்பூலின் குதிரை மைதானத்தில் தொழிற்குழுவினர் ஒவ்வொருவராகத் தத்தம் தொழிலைக் காட்டிச் சென்றனர். அரண்மனை ஓவியர் நக்காஷ் ஒஸ்மானின் குழுவினர் அவற்றையெல்லாம் சித்திரமாகத் தீட்டி வைத்தனர். 'சூர்நாமே', அதாவது விழா நூல், என்ற வகைக்கு அது மிகச் சிறந்த எடுத்துக்காட்டு.

1675ஆம் ஆண்டு எதிர்னே நகரில் சுல்தான் நான்காம் மெஹ்மெத் தமது புதல்வர்கள் முஸ்தபா, அஹ்மத் ஆகியோரின் சுன்னத்தையும், அதை அடுத்து மகள் ஹதீஜாவின் திருமணத்தையும் நடத்தினார். ஆங்கிலேய வணிகக் கம்பனியின் பாதிரியாராக அங்கிருந்த ஜோன் கோவெல் இவற்றை நேரில் கண்டு தம் நாட்குறிப்பில் எழுதினார். நஹில்களும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அந்த விழாவில் இரண்டு வயதும் நிரம்பாத குழந்தையாக இருந்த அஹ்மத், பிற்காலத்தில் சுல்தான் மூன்றாம் அஹ்மத் ஆனார். 1720 செப்டெம்பரில் அவர் தம் நான்கு புதல்வர்களுக்கும் நடத்திய பதினைந்து நாள் விழாதான் இக்கலையின் உச்சம்.

அவ்விழாவுக்கு நான்கு பெரிய நஹில்களும் நாற்பது சிறிய நஹில்களும் செய்யப்பட்டன. போதாதென்று சீனிப் பாகில் வார்த்த தோட்டங்கள் வேறு: மரமும் பூவும் எல்லாம் சர்க்கரை. இளவரசர்களோடு சேர்த்து ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுவர்களுக்கும் அரச செலவில் கத்னா நடைபெற்றது. வெஹ்பி என்ற புலவர் விழாவை எழுத, லெவ்னி என்ற ஓவியர் 137 சித்திரங்கள் தீட்டினார். அந்தப் பிரதி இன்றும் தோப்கபி அரண்மனையில் உள்ளது.

இங்கே ஒரு செய்தியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இஸ்தான்பூலின் தெருக்கள் ஒடுங்கியவை. மாடி வீடுகளின் முன்புறம் தெருவுக்கு மேலாக நீண்டு நிற்கும். நஹில் நுழையாது. எனவே ஊர்வலப் பாதை முன்கூட்டியே அளக்கப்பட்டு, இடைஞ்சலாக இருந்த மாடங்களும் கூரை ஓரங்களும் இடிக்கப்பட்டன. சில இடங்களில் வீடே போயிற்று. ஒரு நாள் கடந்துபோகப்போகும் மெழுகுப் பூவுக்காகக் குடிமகனின் கூரை இறங்கியது. சுல்தானின் ஆட்சி எதுவரை எட்டும் என்பதை மக்களுக்குக் காட்ட இதைவிடப் பெரிய பறையறிவிப்பு தேவையில்லை. அலங்காரம் என்பது அழகுக்கு மட்டும் உரியதன்று என்பதை நஹில் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லும் பொருள் வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதே சமுதாயம்தான் பூவை வைப்பதில் மிகுந்த அடக்கத்தையும் கண்டது. அதற்குச் சான்று 'லாலேதான்' எனும் குவளை. கழுத்து மிக ஒடுங்கிய சிறு பாத்திரம்; அதில் ஒரே ஒரு லாலே, அதாவது தியுலிப் மலர், நிற்கும். அக்கால இஸ்தான்பூல் லாலே, இன்று நாம் படங்களில் காணும் உருண்டைப் பூ அன்று. இதழ்கள் குறுவாள்போல் ஒடுங்கி நீண்டு, முனை ஊசியாக முடியும். அத்தகைய பூவைக் கொத்தாகத் திணித்தால் அதன் வடிவம் கெடும் என்று அவர்கள் கண்டிருந்தனர். ஒல்லாந்து ஓவியங்களில் பல பூக்கள் நெருக்கியடித்து நிற்கும் குவளையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு மனப்போக்குகள் தெரியும்.

லாலே மீது இத்தனை மதிப்பு வரக் காரணம் நிறம் மட்டுமன்று. பிஸ்மிக்கு 786 என்று எழுதிப் பழகிய நம்மவருக்கு அப்ஜத் கணக்கை விளக்க வேண்டியதில்லை. லாம், அலிப், லாம், ஹே: கூட்டினால் 66. 'அல்லாஹ்' என்ற திருநாமத்தின் எழுத்துகளுக்கும் அதே தொகை. பிறையைக் குறிக்கும் 'ஹிலால்' என்பதற்கும் அதே. சுலைமான் காலத்து ஷெய்குல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தியே லாலே வளர்ப்பில் பெயர் பெற்றவர். மார்க்க அறிஞர் பூச்செடி வளர்த்ததை எவரும் குறையாக எண்ணவில்லை.

பக்தியில் தொடங்கிய பிரியம் பணத்தில் போய் முட்டியது. ஒல்லாந்தர் தேசத்தில் லாலேக் கிழங்கின் விலை ஏறி 1637இல் சரிந்த கதை பலரும் அறிந்தது. (அடுத்த ஆண்டே அவர்களின் கப்பல்கள் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தன, அதற்கு நோக்கம் பூ அல்ல, கறுவா.) இஸ்தான்பூலில் 1720களில் கிழங்கு விலை தலைக்கு மேல் போகவே அரசு தலையிட்டு விலைப்பட்டியல் வெளியிட்டது. பெரிய வஸீர் இப்ராஹீம் பாஷாவின் தோட்ட விருந்துகள் ஊர்ப்பேச்சாயின. பாரசீகப் போர் முனையில் தோல்வி, நகரில் வரிச்சுமை. 1730இல் பத்ரோனா ஹலீல் தலைமையில் கலகம் வெடித்தது. வஸீர் கொல்லப்பட்டார், சுல்தான் முடி துறந்தார். 1718 முதல் 1730 வரையான இக்காலத்தை 'லாலே யுகம்' என்று அழைப்பது இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம். கலகத்துக்குப் பூவே காரணம் என்று எழுதுவது மிகை. ஆயினும் பசித்தவன் கண்ணில் முதலில் பட்டது அந்தத் தோட்டங்கள்தாம் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு கிளைக் கதையும் உண்டு. 1717, 1718ஆம் ஆண்டுகளில் துருக்கியில் வாழ்ந்த ஆங்கிலத் தூதுவரின் மனைவி மேரி வொர்ட்லி மொண்டேகு, அங்குள்ள பெண்கள் பூவும் பழமும் அனுப்பிச் செய்தி சொல்லும் 'செலாம்' பழக்கம் பற்றி எழுதினார். ஐரோப்பா அதைப் பிடித்துக்கொண்டு, ரோஜாவுக்கு இந்தப் பொருள், அல்லிக்கு அந்தப் பொருள் என்று 'மலர்களின் மொழி' நூல்களாக அச்சிட்டுத் தள்ளியது. துருக்கியரிடம் அப்படியொரு நிலையான அகராதி இருக்கவில்லை. அது எதுகை விளையாட்டு. பேரிக்காய்க்கு 'அர்முத்' என்பர்; நம்பிக்கைக்கு 'உமுத்' என்பர்; ஆகவே பேரிக்காய் வந்தால் நம்பிக்கை வந்தது. நம் கிழக்கிலங்கைப் பெண்களின் கவி மரபை அறிந்தவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வர். எதுகை போய்ப் பொருள் மட்டும் ஐரோப்பாவில் தங்கியது. 1840இல் விக்டோரியா ராணி தம் திருமணத்தில் மகுடத்துக்குப் பதிலாகத் தோடை மலர் வளையம் சூடினார். வெள்ளை உடுப்பும் கைப் பூச்செண்டும் பிரித்தானியர் ஆண்ட நாடுகளெல்லாம் பரவின. இன்று நமது மண்டபங்களில் மணமகள் ஏந்தும் செண்டும் அந்த வழியாக வந்ததே.

நஹில் அரண்மனையைவிட்டுப் போய்விட்டது. எனினும் அனத்தோலியாவின் உட்பகுதியில், நெவ்ஷெஹிர் வட்டாரத்தில், கலியாண வீட்டில் மரச் சட்டம் ஒன்றில் பழங்களையும் அலங்காரப் பொருட்களையும் தொங்கவிட்டு, அதைப் புகழ்ந்து பாடும் வழக்கம் அறியப்பட்டுள்ளது. அதையும் நஹில் என்றே சொல்கிறார்கள். ஒருவர் கையில் தூக்கக்கூடிய அளவுதான். வாசலால் நுழையும்.