கம்பின் ஆண்மலடு: பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

கொங்கு நாட்டுக் காடுகளில் மானாவாரியாக விளையும் கம்புக்கு ஒரு பழக்கம் உண்டு. கதிரில் முதலில் சூல்முடிதான் வெளியே வரும். சில நாட்கள் கழித்தே மகரந்தப் பை வரும். அதற்குள் பக்கத்துச் செடியின் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்துவிடும். இதை நம்பி 1950 வாக்கில் சென்னை மாகாணத்தில் இரண்டு ரகங்களைக் கலந்து விதைத்து எக்ஸ்-1 போன்ற ஒட்டுக் கம்புகளை உண்டாக்கினார்கள். ஆனால் கிடைத்த விதையில் ஒரு பகுதிதான் ஒட்டு.

முழுவதும் ஒட்டு விதையாக வேண்டுமானால் தாய்ச்செடியில் மகரந்தமே உருவாகக் கூடாது. அத்தனை சிறிய பூக்களில் கையால் மகரந்தப் பையை நீக்க முடியுமா?

இயற்கையே வழி காட்டியது. 1958ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் க்ளென் பர்ட்டன் என்பவரும், அடுத்த ஆண்டே கோயமுத்தூரில் பி. மாதவ மேனன் என்பவரும் கம்பில் ஆண்மலட்டுச் செடிகள் இருப்பதை அறிவித்தார்கள். இந்த மலடு தாய்வழியாக மட்டுமே வருவது. செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள மரபணுவே காரணம். தந்தைச் செடியின் உட்கருவில் மீட்பு மரபணு இருந்தால், ஒட்டுச் செடியில் மகரந்தம் திரும்பிவிடும். விவசாயிக்குக் கதிர் நிறைய மணி கிடைக்கும்.

பர்ட்டனின் 'டிஃப்ட் 23ஏ' தாய் இந்தியா வந்தது. அதைக் கொண்டு லூதியானாவில் அத்வால் உருவாக்கிய எச்.பி.-1, 1965ல் வெளியானது. விளைச்சல் அள்ளியது. அடுத்தடுத்த ஒட்டுகளுக்கும் அதே தாய்தான். 1970களில் அடிச்சாம்பல் நோய் வந்தபோது, மணி பிடிக்க வேண்டிய கதிர்கள் பச்சை இலைக்கொத்தாக மாறின.

பழி ஆண்மலட்டின் மேல் விழுந்தது. காரணமில்லாமல் இல்லை. 1970ல் அமெரிக்க மக்காச்சோளத்தைக் கருகல் நோய் தாக்கியபோது, அங்கே ஆண்மலட்டு மரபணுவே குற்றவாளியாக இருந்தது. ஆனால் கம்பில் நடந்த சோதனைகள் வேறு விடை தந்தன. மலட்டு மரபணுவுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை. நோய்க்கு இடம் கொடுத்தது உட்கரு. எதிர்ப்புச் சக்தி உள்ள உட்கருவோடு அதே மலடு பின்னாளில் நன்றாகவே விளைந்தது.

1989ல் ஹன்னா என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டுக் கம்பிலிருந்து வேறொரு ஆண்மலட்டை எடுத்துத் தந்தார். களை என்று பிடுங்கி எறியப்படும் உறவுக்காரச் செடியிடமிருந்து வந்த சொத்து அது!

ஆக, குற்றம் மலட்டில் இல்லை. நாடு முழுவதும் ஒரே தாயை நம்பி விதைத்ததில் இருந்தது.