பெயரும் திறனும்: அயர்லாந்துக் கடற்படை வரலாறு

முன்னுரை

தீவில் அமைந்த நாடு இயல்பாகவே கடலாற்றல் மிக்கதாக விளங்கும் என்பது பொதுவான கருத்து. அயர்லாந்தின் வரலாறு இக்கருத்துக்கு மாறானது. அந்நாட்டுக் கடற்படையின் குறை கப்பலின்மையில் தொடங்கி, கப்பல் இருந்தும் மாலுமியின்மையில் வந்து நிற்கிறது. கப்பல்களுக்கு இடப்பட்ட பெயர்களும் அரசு ஆவணச் சொற்களும் இம்மாற்றத்தைக் காட்டும் சான்றுகளாகும்.

1. பிறர் காத்த கடல்

1921 டிசம்பர் 6ஆம் நாள் கையெழுத்தான ஆங்கில-ஐரிஷ் உடன்படிக்கை, கடற்கரைப் பாதுகாப்பைப் பிரித்தானியரிடமே விட்டுவைத்தது. கோவ், பெரேஹேவன், லாக் ஸ்வில்லி ஆகிய துறைமுகங்கள் 1938 வரை அவர்கள் வசமிருந்தன. 1923இல் தோன்றிய கடற்காவற் பிரிவு மறு ஆண்டே கலைக்கப்பட்டது. பின்னர் மீன்வளக் காவலுக்கு எஞ்சியது 'முர்க்கூ' என்னும் ஒரே கப்பல். ஐரிஷ் மொழியில் இதற்குக் 'கடல் வேட்டைநாய்' என்பது பொருள். 1916 எழுச்சியின்போது டப்ளின் நகரைப் பீரங்கியால் தாக்கிய 'ஹெல்கா'வே இவ்வாறு பெயர் மாற்றம் பெற்றது.

2. நிலைபேறும் தேக்கமும்

1946இல் நிலையான கடற்படை அமைந்தது. அதன் ஐரிஷ் பெயர் 'கடற்படைச் சேவை' என்றே பொருள்படும். பிரித்தானியாவிடமிருந்து வாங்கிய மூன்று கார்வெட் கப்பல்கள் மாச்சா, மேவ், கிளியோனா எனத் தொன்மக் கதைப் பெண்களின் பெயர்களைப் பெற்றன. 1948இல் கவிஞர் யேட்சின் உடல் எச்சங்களைப் பிரான்சிலிருந்து கால்வேக்குக் கொணர்ந்தது மாச்சாவே. 1970இல் இரண்டு கார்வெட்டுகள் விலக்கப்பட்டன. மறு ஆண்டு மூன்று பழைய கண்ணிவாரிக் கப்பல்கள் வாங்கப்பட்டன. அயர்லாந்திலேயே கட்டப்பட்ட 'டெர்ட்ரா' 1972இல் பணியேற்றது. 1977இல் மீன்பிடி எல்லை 200 கடல் மைலாக விரிந்தபோது, காக்க வேண்டிய பரப்பு பெருகியது. படை அதற்கேற்ப வளரவில்லை.

3. கப்பல் உண்டு, மாலுமி இல்லை

2014 முதல் 2019 வரை பணியேற்ற நான்கு புதிய கப்பல்களுக்குப் பெக்கெட், ஜாய்ஸ், யேட்ஸ், ஷா ஆகிய எழுத்தாளர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. தொன்மப் பெண்பெயர் மரபு இதனால் இடையறுந்தது. ஆயினும் 2019இல் எத்னா, ஓர்லா ஆகியவை ஆள் பற்றாக்குறையால் துறையில் கட்டப்பட்டன. 2022இல் இவ்விரண்டும் கியாராவும் முற்றாக விலக்கப்பட்டன. ஒப்பளிக்கப்பட்ட ஆள்பலம் 1,094. 2024இல் இருந்தோர் 800க்கும் குறைவு. பயிற்சி பெற்ற பொறிவினைஞர் மிகுந்த ஊதியம் தரும் தனியார் துறையை நாடியது இதற்கு முதன்மைக் காரணம். நியூசிலாந்திலிருந்து வாங்கிய இரு சிறு கப்பல்கள் 2024இல் ஈவின், கோப்னட் எனப் பெண்பெயர்களுடன் பணியேற்றன. மாலுமி இடைவெளி அப்படியே இருந்தது.

இந்நிலையிலும் 2023 செப்டம்பரில் யேட்ஸ் கப்பல் எச்சரிக்கைக் குண்டுகள் சுட்டு 'மாத்யூ' என்னும் சரக்குக் கப்பலை மடக்கியது. அதில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கொக்கெயின் சிக்கியது. கடலடி வடங்களுக்கும் காவல் தேவைப்படுகிறது. எனினும் இழுவை ஒலியுணர் கருவிக்கான ஒப்பந்தம் 2025இல்தான் கையெழுத்தாயிற்று.

முடிவுரை

துறையில் கட்டப்பட்ட கப்பல்களை அரசு ஆவணங்கள் 'செயற்பாட்டு இருப்பில் உள்ளவை' என்று குறித்தன. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அவை தேவைப்படும்போது உடனே புறப்பட ஆயத்தமானவை என்ற பொருளே தோன்றும். வரலாறு அறிந்த மொழிபெயர்ப்பாளரே இச்சொல் மறைக்கும் ஆளின்மையை உணர்வார். கடற்படையின் திறனைப் பட்டியலிலுள்ள கப்பல்களைக் கொண்டு அளக்கவியலாது. கடலுக்குப் புறப்படும் கப்பல்களைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது அயர்லாந்து தரும் படிப்பினை.