ஈறு நோயின் காரணம் தெரிந்த கதை

பல் துலக்கி உமிழும்போது நுரையில் இரத்தம் கலந்திருப்பதை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டிருக்கிறேன். பிரஷ் குத்திப் புண்ணாகிவிட்டது போலும் என்று எண்ணி, அந்த இடத்தைத் தொடாமலேயே சில வாரங்கள் விட்டுவைத்தேன். இரத்தம் நிற்கவில்லை, ஈறு வீங்கி, லேசாகத் தொட்டாலே கசியத் தொடங்கியது. பௌதிகம் போதிப்பவனுக்கே காரணம் எது, விளைவு எது என்று தெரியாமல் போயிற்று! மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதே மயக்கத்தில்தான் இருந்தது.

கதை ஹாலந்தில், டெல்ஃப்ட் நகரில் தொடங்குகிறது. துணி வணிகரான லூவன்ஹூக், தாமே தேய்த்த சிறு லென்ஸ்களால் உலகைப் பார்த்துவந்தார். இன்று எஞ்சியுள்ளவற்றுள் மிகச் சிறந்த அவரது கருவி, ஒற்றை லென்ஸைக் கொண்டே சுமார் 270 மடங்கு பெரிதாக்குகிறது. (சோதனைச் சாலையில் லென்ஸின் குவியத் தூரம் காணவே திணறும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.) நாள்தோறும் உப்பால் பல் தேய்ப்பவர் அவர். இருந்தும் பல் இடுக்கில் மாவு போன்ற வெண்பொருள் படிவதைக் கண்டு, அதைச் சுரண்டி மழைநீரில் கலந்து லென்ஸின் முன் வைத்தார். துள்ளி நீந்தும் நுண்ணுயிர்கள் தெரிந்தன! பல்லே துலக்காத ஒரு முதியவரின் வாயில் அக்கூட்டம் இன்னும் பெரிதாக இருந்தது. இவற்றை 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். காடியில் அவ்வுயிர்கள் மடிந்தன. ஆனால் காடியால் வாய் கொப்பளித்தபின்னும் பல்லில் ஒட்டிய பொருளுக்குள் அவை உயிரோடிருந்தன. காடி மேற்புறத்தைத் தாண்டி உள்ளே ஊடுருவவில்லை என்று அவர் முடிவு கட்டினார். வெறும் கொப்பளிப்பு போதாது என்பதற்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

பார்த்தவர் அதை ஈறு நோயோடு இணைக்கவில்லை. பின்வந்தவர்களோ முதுமை, சத்துக்குறைவு, பற்காரை என்று பலவற்றின் மீது பழி போட்டனர். 282 ஆண்டுகள் கடந்தன.

1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்பவரும் துணைவர்களும் செய்த பரிசோதனை மிக எளியது. ஈறு நலமாக உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். 10 முதல் 21 நாள்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் மறைந்தது. பல்லில் படியும் பாக்டீரியாப் படலமே காரணம். இரத்தம் கசிகிறதென்று துலக்காமல் விடுவது, நெருப்புக்கு விறகிடுவதே.

அழற்சியை அப்படியே விட்டால் என்னவாகும்? இதை அறிய லோ குழுவினர் 1970-இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். பல் துலக்கும் வழக்கமும் பல் மருத்துவமும் அறியாத 480 ஆண் தொழிலாளரை 15 ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தனர். ஈறுக்கும் பல்லுக்கும் இடையே மில்லிமீட்டர் குறியிட்ட மெல்லிய கம்பியைச் செலுத்தி, பிடிமானம் எவ்வளவு இறங்கிற்று என்று அளந்தனர். ஏறக்குறைய எல்லோர் ஈறும் அழற்சியுற்றிருந்தது. ஆயினும் 8 சதவீதத்தினரின் பற்கள் விரைவாகப் பிடிமானம் இழந்தன. 81 சதவீதத்தினருக்கு மிதமான இழப்பு. 11 சதவீதத்தினருக்கோ நோய் ஈறைத் தாண்டவே இல்லை! உடலின் எதிர்ப்பும் மரபும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. புகைப்பிடித்தலும் நீரிழிவும் நோயை விரைவுபடுத்துகின்றன.

மலையகத் தோட்டங்களில் உழைப்போரில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து சென்றவர்களின் சந்ததியினர். இப்புள்ளிவிவரங்கள் இன்றும் பாடநூல்களில் நிற்கின்றன. தடுக்கும் வழி 1965-லேயே தெரிந்திருக்க, நோயின் போக்கை அளந்துகொண்டே இருந்தது முறைதானா என்ற கேள்வி எனக்கு உண்டு.

உங்கள் ஈறைக் கண்ணாடியில் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறு இயல்பாகவே கருமை கலந்தது; ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். வீக்கம், கசிவு, வாய் நாற்றம், ஈறு இறங்கிப் பல் நீண்டதுபோல் தோன்றுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். வலி பெரும்பாலும் இராது. மென்மையான பிரஷை ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் வைத்து, காலையும் இரவும் மெதுவாகத் துலக்குங்கள். செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம். அவை பல்லைத் தேய்க்கும். இறுகிய காரை பிரஷுக்கு அசையாது. பல் மருத்துவர்தான் அகற்ற வேண்டும். அப்படி அகற்றினால் பல் ஆடும் என்று பலர் அஞ்சுகின்றனர். காரை போனபின் ஆடும் பல், முன்பே எலும்பை இழந்துவிட்ட பல். அதுவரை காரைதான் அதைப் பக்கத்துப் பல்லோடு ஒட்டி நிறுத்தியிருந்தது.