ஏட்டில் எழுதப்பட்ட ஏழைகள்: சுவீடன் நாட்டில் மூதாதையரைத் தேடுவோர் கதை

அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தன்னந்தனியாக விமானத்தில் கடந்து, 1927ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி இரவு பாரிஸ் நகரில் தரையிறங்கிய சார்ள்ஸ் லிண்ட்பேர்க்கின் பெயரை அறியாதார் குறைவு. நியூயோர்க்கிலிருந்து முப்பத்துமூன்றரை மணித்தியாலம் எங்கும் தரிக்காமல் பறந்து வந்த அந்த இருபத்தைந்து வயது இளைஞரை உலகப் பத்திரிகைகள் முதற்பக்கத்தில் ஏற்றிப் போற்றின. ஆனால், லிண்ட்பேர்க் என்பது அவருடைய பாட்டனார் பிறக்கும்போது பெற்ற பெயரன்று என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

பாட்டனாரின் பெயர் ஓலா மோன்சன். தென் சுவீடனின் ஸ்கோனே மாகாணத்து விவசாயி. அந்நாளைய சுவீடன் நாடாளுமன்றம் பிரபுக்கள், குருமார், நகரத்தார், விவசாயிகள் என நான்கு பிரிவுகளைக் கொண்டிருந்தது. அதில் விவசாயிகளின் பிரதிநிதியாக 1847ஆம் ஆண்டு முதல் அமர்ந்தவர் இவர். ஊரில் மனைவியும் மக்களும் இருக்க, தலைநகர் ஸ்டொக்ஹோமில் உணவு விடுதியொன்றில் பணிபுரிந்த இளம்பெண் ஒருத்தியுடன் உறவு ஏற்பட்டது. 1858 ஜனவரியில் அவளுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. வங்கிப் பொறுப்பில் இருந்தபோது பண முறைகேடு செய்தார் என்ற குற்றச்சாட்டும் அவரைச் சூழ்ந்தது. 1859இல் அப்பெண்ணையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குச் சென்ற மோன்சன், மின்னசோட்டாவில் குடியேறி, ஓகஸ்ட் லிண்ட்பேர்க் ஆனார். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து, 1907 முதல் 1917 வரை அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உறுப்பினராக இருந்தது. அவருடைய மகனே விமானி லிண்ட்பேர்க்.

புதிய நாட்டில் புதிய பெயர் சூடிக்கொண்டவரின் பழைய வாழ்வு பின்னாளில் வெளிப்பட்டதில் வியப்பில்லை. அவர் நாடாளுமன்றத்தில் இருந்தவர். நீதிமன்றப் படி ஏறியவர். அத்தகையோரைப் பற்றி எந்த நாட்டிலும் நாலு வரி எழுதப்பட்டிருக்கும். எனக்கு வியப்பளித்தது வேறொன்று. அதே காலத்தில் கப்பலேறிய ஒரு பண்ணைக் கூலியாளின் வரலாற்றையும், மாட்டுத்தொழுவத்தில் வேலை செய்த ஒரு பணிப்பெண்ணின் வரலாற்றையும் அதே துல்லியத்துடன் சுவீடனில் தேடி எடுக்க முடிகிறது. அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் மட்டுமே வம்சாவளி எழுதப்பட்ட காலத்தில் இது எவ்வாறு நிகழ்ந்தது?

ஞானோபதேசமும் பதிவேடும்

விடை 1686ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தில் இருக்கிறது. லூத்தரன் திருச்சபை அரசின் ஓர் அங்கமாக இருந்த நாடு அது. குடிமக்கள் ஒவ்வொருவரும் ஞானோபதேசத்தை அறிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். குருவானவர் ஆண்டுதோறும் தமது பங்கிலுள்ள குடும்பங்களைப் பகுதி பகுதியாகக் கூட்டிப் பரீட்சித்தார். வாசிக்கத் தெரியுமா, மனப்பாடமாகச் சொல்ல முடியுமா, பொருள் விளங்கியதா என்று பார்த்துச் சிறு கோடுகளால் புள்ளியிட்டார். அப்பரீட்சைக்காக எழுதப்பட்டவையே வீட்டு விசாரணைப் பதிவேடுகள்.

அவற்றில் வீட்டுக்கு வீடு பக்கம் பிரிக்கப்பட்டிருக்கும். முதலில் வீட்டுத் தலைவன், பின் மனைவி, பிள்ளைகள், அவர்களுக்குக் கீழே கூலியாள், பணிப்பெண், அண்டி வாழ்ந்த முதியவர். ஒவ்வொருவருக்கும் பிறந்த நாள், பிறந்த இடம், எங்கிருந்து எப்போது வந்தார், எங்கே எப்போது போனார் என்ற குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மைப்பால் ஏற்றிய விபரமும் சேர்ந்துகொண்டது. களவுக்குத் தண்டனை பெற்றிருந்தால் அதுவும் ஓரத்தில் எழுதப்பட்டது. இவற்றோடு ஞானஸ்நானம், விவாகம், மரணம் ஆகியவற்றுக்கும், ஊர்விட்டு ஊர் செல்வோருக்கும் தனித்தனி ஏடுகள் இருந்தன. இந்தத் திருச்சபைப் பதிவுகளின் பலத்திலேதான் 1749 முதல் அந்நாடு இடையறாத குடிசனப் புள்ளிவிபரத்தைப் பேணி வருகிறது.

1850க்கும் 1930க்கும் இடையில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடிஷ் மக்கள் வட அமெரிக்காவுக்குப் பெயர்ந்தனர். 1867 முதல் 1869 வரையிலான பஞ்சம் அவ்வெள்ளத்தைப் பெருக்கியது. கோத்தன்பேர்க் துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் நகரில் இறங்கி, புகையிரதத்தில் லிவர்பூல் சென்று, மீண்டும் கப்பலேறுவது அவர்களிற் பலரின் பாதை. ஊர் ஏட்டில் அவர்களுடைய பெயருக்கு நேரே ‘அமெரிக்காவுக்கு’ என்ற சொல்லும் ஆண்டும் எஞ்சின. அந்தச் சொல்லைத் தேடித்தான் இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள்.

தேடுவோர் கைக்கொள்ளும் முறை எளிது. பெயர், பிறந்த திகதி, பிறந்த பங்கு ஆகிய மூன்றும் கிடைத்தால் பூட்டுத் திறந்துவிடும். ஞானஸ்நான ஏட்டில் பெற்றோரைக் கண்டு, வீட்டு விசாரணை ஏட்டில் அவர்களின் பிறந்த ஊர்களைக் கண்டு, அங்கிருந்து அடுத்த தலைமுறைக்கு ஏறலாம். பலர் பதினெட்டாம் நூற்றாண்டு வரை செல்கிறார்கள். பங்கு ஏடுகள் தீயில் அழியாத இடங்களில் அதற்கும் அப்பால். மோர்மன் திருச்சபையினர் 1948 முதல் இவ்வேடுகளை நுண்படச் சுருளில் பதிந்து யூட்டாவுக்குக் கொண்டு சென்றனர். 2018ஆம் ஆண்டு முதல் சுவீடன் தேசிய ஆவணக் காப்பகம் தனது ஏட்டுப் படிமங்களை இணையத்தில் இலவசமாகவே வழங்குகிறது.

பெயர்களின் சிக்கல்

ஆயினும் பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும். ஆண்டேர்ஸின் மகன் யோஹான் என்றால் அவன் யோஹான் ஆண்டேர்சன். அவனுடைய மகன் ஆண்டேர்சன் அல்லன், யோஹான்சன். மகளானால் யோஹான்ஸ்டொட்டர், விவாகத்தின் பின்னும் பெரும்பாலும் அதே பெயர். தந்தையின் பெயரைத் தம் பெயருக்கு முன் வைக்கும் நமக்கு இம்முறை விளங்கச் சிரமமில்லை. புலம்பெயர்ந்த நாட்டின் குடிவரவுப் படிவத்தில் தகப்பன் பெயரே தலைமுறைப் பெயராக உறைந்துபோன அனுபவம் நம்மவர் பலருக்கும் உண்டு. சுவீடனிலும் அதுவே நடந்தது. 1901ஆம் ஆண்டின் பெயர்ச் சட்டத்தை ஒட்டி நிலையான குடும்பப் பெயர் வழமையாயிற்று.

இராணுவத்திலோ வேறு விதி. 1682 முதல் பதினோராம் சார்ள்ஸ் மன்னன் நிலைநிறுத்திய முறைப்படி, சில பண்ணைகள் சேர்ந்து ஒரு சிப்பாயைப் பராமரித்தன. அவனுக்கு ஒரு குடிசையும் சிறு நிலமும் கொடுத்தன. ஒரே அணியில் பத்து ஆண்டேர்சன்கள் நின்றால் கட்டளையிடுவது எப்படி? ஆகவே ‘துரிதன்’, ‘துணிந்தவன்’, ‘உருக்கு’ என்று பொருள்படும் சிறு பெயர்களைச் சூட்டினர். அவன் விலகியபின் அதே குடிசைக்கு வரும் அந்நியனும் பெரும்பாலும் அதே பெயரைப் பெற்றான். பெயர் ஒன்றாயினும் இரத்தம் ஒன்றல்ல.

அமெரிக்கக் கவிஞர் கார்ல் சாண்ட்பேர்க்கின் தந்தையும் இச்சிக்கலில் அகப்பட்டவரே. இல்லினோய் மாநிலத்தில் புகையிரதப் பகுதியில் உழைத்த அவரோடு ஜோன்சன் என்ற பெயருடையோர் பலர் இருந்தமையால் குழப்பம் தாங்காது சாண்ட்பேர்க் என்று மாற்றிக்கொண்டார்.

சட்டம் மறைத்த தாய்மார்

சில இடங்களில் தேடல் சுவரில் முட்டி நின்றுவிடும். ‘தாய் அறியப்படாதவள்’ என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கும். இது குருவானவரின் அசட்டையன்று, சட்டத்தின் ஏற்பாடு. மணமாகாது கருவுற்ற பெண்கள் அவமானத்துக்கும் தண்டனைக்கும் அஞ்சிச் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்க, 1778இல் மூன்றாம் குஸ்தாவ் மன்னன் ஓர் ஆணை பிறப்பித்தான். பெண்ணொருத்தி பெயர் சொல்லாமலே பிள்ளை பெறலாம். அவள் யாரென்று எவரும் வினவலாகாது. 1856இல் அது மாற்றப்பட்டு, தாயின் பெயரை மூடி முத்திரையிட்ட உறையில் வைக்கும் விதி வந்தது. 1917இல் இம்முறை ஒழிந்தது.

தன் பாட்டியின் தாயைத் தேடுபவருக்கு அந்த வெற்றிடம் பெரும் ஏமாற்றமே. ஆனால் அந்த மௌனம் இல்லாதிருந்தால் பாட்டி உயிரோடு இருந்திருப்பாளா என்றும் எண்ண வேண்டியிருக்கிறது. எழுதாமல் விடுவதும் சில வேளைகளில் கருணையே.

ஏட்டின் மறுபக்கம்

எழுதுவது எப்போதும் நன்மைக்கல்ல என்பதற்கும் சுவீடனே சாட்சி. தெற்கே ஸ்கோனே மாகாணப் பொலிஸார் நாலாயிரத்துக்கும் அதிகமான ரோமா இன மக்களின் பெயர்களைக் குடும்ப மரங்களாக வரைந்து வைத்திருந்ததை 2013 செப்டெம்பரில் பத்திரிகையொன்று அம்பலப்படுத்தியது. சிறு குழந்தைகளின் பெயர்களும் அதில் இருந்தன. குற்றம் செய்தார்கள் என்பதற்காக அல்ல, உறவினர் என்பதற்காகவே பலர் அந்த மரத்தில் தொங்கினர். பாதிக்கப்பட்டோருக்கு அரசு பின்னர் நட்டஈடு வழங்க நேர்ந்தது.

இன்னொரு கூட்டத்தாரின் தேடல் நம் நாட்டோடு தொடர்புடையது. 1970களிலும் 80களிலும் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் சுவீடன் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். வளர்த்த தாய் தந்தையரின் முன்னோரைப் பல தலைமுறைக்குக் காட்டும் நாட்டில் வாழும் அவர்கள், பெற்ற தாயைத் தேடி இலங்கை வரும்போது ஒரு தலைமுறையையேனும் எட்ட முடியாமல் திகைக்கிறார்கள். போலிப் பிறப்புச் சான்றிதழ்கள், தாயாக நடிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் என்று இங்கு நடந்த முறைகேடுகளை 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்று வெளிக்கொணர்ந்தது. சுவீடன் அரசு நியமித்த விசாரணை ஆணைக்குழுவும் 2025 ஜூனில் தன் அறிக்கையைக் கையளித்து, வெளிநாட்டிலிருந்து தத்தெடுப்பதையே நிறுத்தும்படி பரிந்துரைத்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். பனி மூடிய ஊரொன்றில் கூலியாளின் பெயரை எழுதிய அந்தக் குருவானவருக்கு வரலாறு எழுதும் எண்ணம் இருந்ததில்லை. ஞானோபதேசம் தெரியாதவனைப் பிடிப்பதே அவர் நோக்கம். ஆயினும் கண்டதைக் கண்டபடி எழுதினார். அதனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு பேரன் தன் ஊரைக் கண்டடைகிறான். நம் நாட்டில், பிள்ளையின் பெயரில் பொய்யை எழுதி முத்திரை குத்திய கைகள் ஒரு மனிதனின் ஆரம்பத்தையே அழித்துவிட்டன. மரபணுச் சோதனை இன்று அவர்களிற் சிலரைத் தாயிடம் சேர்க்கிறது. விமானி லிண்ட்பேர்க் ஜேர்மனியில் இரகசியமாகப் பெற்ற பிள்ளைகள் மூவரின் பிறப்பையும் 2003இல் உறுதிசெய்தது அதே சோதனைதான். ஆனால் சோதனைக்குத் தாயும் முன்வர வேண்டும். அவள் உயிரோடு இருக்கும் காலம் குறுகிக்கொண்டே போகிறது.