பெர்ல் மொழியில் கோப்புப்பிடி பெயர்ச்சொல்லான கதை

வாளையார் வட்டாரத் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கிச் சொல்லடைவு தயாரிக்கையில், பாதிச் சொற்கள் அடைவில் இல்லாமல் பிழைக்குறிப்புக் கோப்பில் போய்க் கிடந்தன. பிழை, நான் சோதிக்காமல் பயன்படுத்திய ஒரு பழைய பெர்ல் நிரலில் இருந்தது. காரணத்தைத் தேடியபோது கிடைத்தது ஓர் இலக்கண வரலாறு.

பெர்லை 1987 டிசம்பரில் வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். தனி மதிப்புக்கு டாலர் குறி, பட்டியலுக்கு அட் குறி என ஒருமை பன்மையைப் பெயரின் முன்னேயே காட்டினார். திறந்த கோப்பைச் சுட்டும் கோப்புப்பிடிக்கோ குறியே இல்லை. பெரிய எழுத்தில் ஒரு வெறுஞ்சொல், அவ்வளவுதான். ஆகவே மாறிகளுக்கான பொதுவிதிகள் அதற்குச் செல்லவில்லை. பட்டியலில் இட முடியாது. துணைநிரலுக்குக் கொடுக்கச் சுற்றுவழி வேண்டும். ஒரு தொகுதி முழுமைக்கும் ஒரே பெயர் என்பதால், துணைநிரல் அதே பெயரில் வேறு கோப்பைத் திறந்தால் முந்தையது ஓசையின்றி மூடப்படும். என் சொற்கள் இடம் மாறியது இப்படித்தான்.

2000ஆம் ஆண்டின் 5.6 பதிப்பில் நிலை மாறியது. வெற்று மாறி ஒன்றைத் திறப்புக் கட்டளைக்குக் கொடுத்தால் அதுவே பிடியாகும். அதன் எல்லை முடிந்ததும் கோப்பு தானே மூடப்படும். பழைய தனித்தன்மை அச்சிடும் கட்டளையில் மட்டும் எஞ்சியது: பிடிக்குப் பின் காற்புள்ளி வராது. அவ்விடத்தைப் பெர்ல் ஆவணங்கள் மறைமுகச் செயப்படுபொருள் என்கின்றன. நமக்கு அது நான்காம் வேற்றுமை, 'கோப்புக்கு' எழுதுதல். (இதைக் கண்டபோது மொழியியல் மாணவிக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லத் தேவையில்லை.)

தமிழுக்கு முதன்மையான மாற்றம் 2002இல் வந்த 5.8. அதில் எழுத்துக் குறியாக்கத்தைப் பிடியின் பண்பாகவே ஏற்றலாம். 'வாளையார்' என்பது நமக்கு நான்கு எழுத்து. யூனிக்கோடில் எட்டுக் குறியிடம். யூடிஎஃப்-8இல் 24 பைட்டு. குறியாக்கம் சொல்லாத பிடி 24 என்றே எண்ணித் தரும். சொல் நீளத்தை அளக்கும் ஆய்வில் இது சிறு பிழையன்று. குறியாக்கம் சொன்னாலும் எட்டுதான் வரும். நான்கைப் பெற எழுத்துக்கொத்தாகப் பிரிக்க வேண்டும்.

2023இல் வந்த 5.38 பதிப்பின் விதித்தொகுப்பைக் கோரினால், தர உள்ளீடு, தர வெளியீடு போன்ற சில நிலைப்பெயர்கள் தவிர வெறுஞ்சொற் பிடிகள் ஏற்கப்படுவதில்லை. என் நிரலின் முதல் வரியில் அதைச் சேர்த்துவிட்டேன். அடைவை 'அ' முதல் மீண்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.